டீசல் வேன் ஸ்டார்ட் ஆகவில்லையா? பதறாமல் பார்க்க வேண்டியவை



இன்று பல ஊர்களில் ஜமாஅத்துகளும் டிரஸ்டுகளும் மக்களுக்காக ஓர் ஆம்புலன்ஸ், ஒரு ஜனாஸா வாகனம் வைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை டீசல் வேன்கள். வாடகை வண்டி தினமும் ஓடும். நம் வண்டியோ சில வாரங்களில் நான்கைந்து நாட்கள் அசையாமல் நிற்கும். பிறகு இரவு 2 மணிக்கு ஒரு போன் வரும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓட வேண்டும். நின்று நின்று ஓடும் இந்தப் பழக்கம்தான் டீசல் வண்டிக்கு மிகவும் ஒத்துக்கொள்ளாத பழக்கம்.

ஓட்டுநர் சகோதரர்கள், சாவி வைத்திருக்கும் தன்னார்வலர்கள், அலுவலகப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். இதைப் படித்து யாரும் மெக்கானிக் ஆகிவிட வேண்டியதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது, இது நாமே சரிசெய்யக்கூடியதா, வேறு வண்டிக்குப் போன் செய்ய வேண்டியதா என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் நோயாளி, பிறகு வண்டி

வீட்டு வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ வண்டி நின்றுவிட்டால், மூன்று முறைக்கு மேல் முயற்சி செய்யாதீர்கள். அதற்குள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒருவர் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் பக்கத்து ஊர் ஆம்புலன்ஸையோ தெரிந்த வாடகை வண்டியையோ அழைக்க வேண்டும். பானெட்டைத் திறப்பது அதற்குப் பிறகுதான். "இதோ ஆகிவிடும், இதோ ஆகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருபது நிமிடம் போய்விடும். நெஞ்சுவலிக்காரருக்கும் பிரசவ வலியில் இருக்கும் சகோதரிக்கும் அந்த இருபது நிமிடம் திரும்பக் கிடைக்காது.

வேறு வண்டி வந்து சேர்வதற்குள் நம் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் நல்லது, அல்ஹம்துலில்லாஹ். வரச் சொன்னவர்களிடம் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டீசல் எஞ்சின் கேட்பது மூன்று

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றை அது ஏறக்குறைய 15 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. அப்படி அழுத்தும்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் டீசலை மெல்லிய தூவலாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆகவே அதற்குத் தேவை மூன்று. ஒன்று, எஞ்சினைப் போதுமான வேகத்தில் சுற்றிவிட வலுவான பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும். இரண்டு, காற்றுக் குமிழியோ தண்ணீரோ கலக்காத சுத்தமான டீசல். மூன்று, தடையில்லாமல் வரும் காற்றும் அதைச் சூடாக்கும் அழுத்தமும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இந்த மூன்றில் ஒன்று கிடைக்கவில்லை என்று பொருள். புதிய வண்டிகளில் இவற்றோடு கம்ப்யூட்டரின் அனுமதியும் வேண்டும். எது குறைகிறது என்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும். காதால் கேட்க வேண்டும், சைலன்சரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம்?

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். புதிய ஓட்டுநர்கள் இதை அறியாமல் தடுமாறுவதுண்டு.

சத்தமே இல்லை, மீட்டரில் விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது பெரிய ஃபியூஸ் போயிருக்கிறது.

"டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து, ஹெட்லைட் மங்காமல் நின்றால் செல்ஃப் மோட்டாரிலோ அதன் சொலினாய்டிலோ கோளாறு இருக்கலாம். "டக டக டக" என்று தொடர்ந்து சத்தம் வந்து விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை.

இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினாலும் பேட்டரியையோ டெர்மினலையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சினில் காற்று போதிய அளவு சூடாகாது. அதனால் டீசல் இருந்தும் பற்றாது.

நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் டீசல் வரும் பாதையில் இருக்கும்.

பேட்டரி: அதிகத் தொல்லை இங்கேதான்

ஆம்புலன்ஸில் சைரன், சுழல் விளக்கு, உள்விளக்குகள், இன்வெர்ட்டர், சளி உறிஞ்சும் கருவி என்று மின்சாரம் எடுப்பவை பல. வண்டி நிற்கும்போது இவற்றில் ஒன்று அணைக்கப்படாமல் இருந்தாலும் ஓரிரு நாளில் பேட்டரி இறங்கிவிடும். பின்கதவு சரியாக மூடாமல் உள்விளக்கு இரவெல்லாம் எரிவது அடிக்கடி நடக்கிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் இருந்தால் சந்தேகம் தீரும். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் நம்ப முடியாது. செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டைனமோவோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை. இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் ஒரு வாரத்தில் இறங்கும். டிரஸ்ட் பணம் அமானிதம். பொருளை மாற்றுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்ப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் சேரும்.

மீட்டர் இல்லாவிட்டாலும் டெர்மினலைப் பார்க்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. கையால் அசைத்தால் அசைகிறதா என்றும் பாருங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். சூடான தண்ணீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் பொடி கரையும். துடைத்து உலர்த்தி, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் அதேபோல் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்காமல் இருப்பதற்கு இந்த ஒயர் துருப்பிடித்திருப்பதும் ஒரு காரணம்.

ஜம்பர் கேபிள் போடும் முறை

உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட்டா என்று முதலில் கேளுங்கள். பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் 24 வோல்ட் இருக்கும். அதிலிருந்து நேராகக் கொடுத்தால் நம் வேனின் கம்ப்யூட்டர் எரிந்து போகலாம்.

வரிசை இதுதான். சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை நம் வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கவ்வுங்கள். கடைசி முனையில் சிறு பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் வெடிக்கக்கூடும் என்பதால்தான் தள்ளிக் கவ்வச் சொல்கிறோம். உதவிக்கு வந்த வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஜம்ப் கொடுப்பதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து வையுங்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது இந்த வேலையே வேண்டாம். அவரை வேறு வண்டிக்கு மாற்றுவதுதான் முறை.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை: புகையைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், மற்றொருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கட்டும். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும்.

புகையே வரவில்லை என்றால் எஞ்சினுக்குள் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று வரவில்லை. அப்போது ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நின்றே கிடக்கும் வண்டியில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. எலி ஒயரையும் கடிக்கும்.

புகை வராதபோது

டேங்கில் டீசல் இருக்கிறதா? முள் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். முள் பழுதாவதும் உண்டு. லாக் புத்தகத்தில் கடைசியாக எப்போது, எத்தனை லிட்டர் போட்டார்கள் என்று பாருங்கள்.

பழைய வண்டிகளில் எஞ்சினை நிறுத்த ஒரு குமிழை இழுப்போம். அது இழுத்தபடியே நின்றுவிட்டால் டீசல் போகாது. வேறு சில வண்டிகளில் இந்த வேலையை டீசல் பம்பில் இருக்கும் சொலினாய்டு செய்கிறது. சாவியை ஆன் செய்யும்போது அதிலிருந்து சிறிய "டிக்" சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதன் ஃபியூஸையும் ஒயரையும் பாருங்கள்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் டீசலை ஊற்றினால் மட்டும் போதாது. குழாய்களில் காற்று புகுந்திருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்கிறார்கள். டீசல் ஃபில்டரின் மேல் கையால் அழுத்தும் பம்பு இருந்தால், அருகில் உள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்திப் பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை முடுக்கி, பம்பு கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்கிற்குள் மின்சாரப் பம்பு இருக்கும் வண்டியில், செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து 10 விநாடி விட்டு அணையுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்யுங்கள்.

பகலில் நன்றாக ஸ்டார்ட் ஆகும் வண்டி காலையில் மட்டும் வெகுநேரம் சுற்றினால், இரவில் குழாய்க்குள் காற்று புகுகிறது. வெடித்த ரப்பர் குழாயோ தளர்ந்த கிளிப்போ ஃபில்டரின் வாஷரோ காரணமாக இருக்கும். இது முன்னெச்சரிக்கை மணி. அன்றே பார்த்துவிட்டால் சிறு செலவோடு முடியும்.

மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் கலப்பது சாதாரணம். பல ஃபில்டர்களின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் திருகு இருக்கும். கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்துத் திறந்தால், டீசலைவிடக் கனமான தண்ணீர் முதலில் வந்து பாட்டிலின் அடியில் தங்கும். தெளிந்த டீசல் வந்ததும் மூடிவிட்டு, மேலே சொன்னபடி காற்றை எடுத்துவிடுங்கள்.

வெள்ளைப் புகை வரும்போது

டீசல் எஞ்சினில் காற்றை முன்கூட்டிச் சூடாக்க ஹீட்டர் பிளக்குகள் உண்டு. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் சுருள் கம்பி போன்ற விளக்கு எரியும். அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். நம் கடலோர ஊர்களில் அவசரப்பட்டாலும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழி இரவில் நிறுத்திய வண்டியில் இந்தப் பொறுமை இல்லாவிட்டால் ஆகாது. விளக்கு அணைந்த பிறகு அடித்தும் வெள்ளைப் புகை மட்டும் வந்தால் ஹீட்டர் பிளக் அல்லது அதன் ரிலே போயிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் தொடர்ந்து அடிக்காதீர்கள், அது மெக்கானிக்கின் வேலை.

புதிய வண்டிகளில் கூடுதலாக

சாவிப் படமோ பூட்டுப் படமோ மீட்டரில் மின்னிக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைக் கொண்டு முயலுங்கள். மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சிலவற்றுக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் வேண்டும். அது தீரும்போது மீட்டர் பல முறை எச்சரிக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஒரு முறை நிறுத்திய பின் மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி அமைந்த வண்டிகளும் உண்டு. அந்தக் கரைசலைத் தவறியும் டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். அதேபோல் பங்க்கில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால், சாவியை ஆன்கூடச் செய்யாமல் வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அப்படித் தண்ணீரில் மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவி போட்டுப் பார்ப்பதுதான் பெரிய சேதத்தை உண்டாக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழுவிச் சரிசெய்யக்கூடிய எஞ்சின், பிரித்துக் கட்ட வேண்டிய எஞ்சினாகிவிடும். இருக்கைக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒர்க் ஷாப்புக்குக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். இன்சூரன்சுக்காக வண்டி நின்ற நிலையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

செய்யவே கூடாதவை

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது வெடித்துத் தீப்பிடிக்கும்.

புதிய வகை எஞ்சினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். அதில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளி போலத்தான் காயம் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்காதீர்கள். மின்னழுத்தம் திடீரென எகிறிக் கம்ப்யூட்டர் பழுதாகும்.

நோயாளியையோ மய்யித்தையோ உள்ளே வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும். இறக்கத்தில் வண்டி கைமீறிப் போய்விடும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கொண்டு வருவார்? செல்ஃப் சுற்றுகிறதா, வேகமாகவா மெதுவாகவா, புகை என்ன நிறம், கடைசியாக எப்போது ஓடியது, எப்போது டீசல் போட்டது, எந்த விளக்கு எரிகிறது என்ற ஆறு விவரங்களைச் சொல்லுங்கள். பேட்டரியோடு வர வேண்டுமா, ஃபில்டரோடு வர வேண்டுமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

வராமல் காக்க

வாரத்தில் இரண்டு நாளாவது வண்டியை எடுத்து 20 நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், ஸ்டார்ட் செய்ய எடுத்த சக்திகூடப் பேட்டரிக்குத் திரும்பாது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டீசல் ஃபில்டரை வண்டியின் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். வண்டி குறைவாக ஓடினால், கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பேட்டரியின் மேல் அது வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு தாண்டியதை மழைக்காலத்துக்கு முன் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: தடிமனான ஜம்பர் கேபிள், மல்டிமீட்டர், டார்ச், 10 மற்றும் 13 எண் ஸ்பேனர்கள், மாற்று ஃபியூஸ்கள், கையுறை, பழைய துணி, ஒரு காலிப் பாட்டில். கூடவே 108, பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ்கள், மெக்கானிக், பேட்டரிக் கடை ஆகியோரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் வண்டியை எடுப்பவர் வழக்கமான ஓட்டுநராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஜனாஸா வாகனத்துக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அடக்கத்துக்குக் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டால், துக்கத்தில் இருக்கும் குடும்பம் வாசலில் காத்து நிற்க வேண்டியிராது.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வண்டியின் லாக் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு ஓட்டுநரும் தன்னார்வலர் இருவரும் சேர்ந்து பானெட்டைத் திறந்து, பேட்டரி, எர்த் ஒயர், டீசல் ஃபில்டர், கை பம்பு, ஃபியூஸ் பெட்டி ஆகியவை உங்கள் வண்டியில் எங்கே இருக்கின்றன என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்து வைத்தது, இன்ஷா அல்லாஹ், இரவில் கைகொடுக்கும்.